பெயரால் வென்ற போர்

களத்திலே வெற்றி பெறுவது படை. அந்த வெற்றிக்குப் பெயர் சூட்டுவதோ அரசியல்! ஜெர்மானியப் படையும் ரஷ்யப் படையும் மோதிய வரலாற்றிலே இதற்குச் சான்று உண்டு.

1914 ஆகஸ்ட். கிழக்குப் பிரஷ்யாவிலே ரஷ்யப் படைகள் இரண்டு நுழைந்தன. ஒன்றிற்குத் தலைவர் ரென்னன்காம்ப், மற்றதற்குச் சாம்சோனோவ். இடையிலே ஏரிகள், இணைப்போ இல்லை. கம்பியில்லாத் தந்தியிலே அவர்கள் மறைமொழியின்றி அனுப்பிய கட்டளைகளை ஜெர்மானியர் கேட்டனர். ரென்னன்காம்ப் விரைந்து வரப்போவதில்லை என்றறிந்து, புகைவண்டியிலே படையேற்றிச் சென்று சாம்சோனோவை வளைத்தனர். ஏறத்தாழ 92,000 ரஷ்யர் சிறைப்பட்டனர். சாம்சோனோவ் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு மாண்டார்.

வெற்றி தந்தவை புகைவண்டியும் தந்தியும், பகைவரின் அசட்டையும். ஆனால், நாட்டுக்கு அறிவிக்கப்பட்டதென்ன? போர் நடந்தது ஆலன்ஸ்டைன் வட்டாரத்திலே. இட்ட பெயரோ 'டானன்பர்க்'!

ஏன் அந்தப் பெயர்? 1410-இல் அவ்வூரருகே, சிலுவை தாங்கிய டியூட்டானிய வீரத்துறவிகள் தோற்றனர். ஐந்நூறு ஆண்டுப் பழி தீர்ந்தது என்று முழங்க அந்தப் பெயர் தேவைப்பட்டது. அன்று அவர்களை வென்றவர் யார்? போலந்து மன்னரும் லிதுவேனியக் கோமகனும்! ரஷ்யப் பேரரசரல்லர். அந்தப் போலந்தைப் பின்னாளிலே கூறுபோட்டு விழுங்கிய அரசுகளிலே பிரஷ்யாவும் ஒன்று, ரஷ்யாவும் ஒன்று! வென்றவன் ஒருவன், பழிக்கு ஆளானவன் வேறொருவன். என்னே விந்தை!

பொய்க்குக் கோட்டையும் எழுந்தது. 1927-இல் எட்டுக் கோபுரங்களுடன் நினைவகம் திறந்தனர். டானன்பர்க் வீரர் என்ற புகழ் ஒளியிலே ஹிண்டன்பர்க் 1925-இல் குடியரசுத் தலைவரானார். அவரே 1933 ஜனவரி 30-இல் ஹிட்லரிடம் தலைமை அமைச்சர் பதவியைத் தந்தார். 1934-இல் ஹிண்டன்பர்க் மறைந்ததும், ஹிட்லர் அவரை அந்த நினைவகத்திலேயே அடக்கம் செய்வித்தார்.

1941 ஜூன் 22. மீண்டும் ரஷ்யா மீது படையெடுப்பு, மீண்டும் பழம்பெயர்! பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேரரசர் 'பார்பரோசா'வின் பெயர் அதற்கு. அந்தப் போரிலே மாண்ட சோவியத் மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேர்.

முடிவு? 1945 ஜனவரியிலே செஞ்சேனை நெருங்கியது. ஹிண்டன்பர்க்கின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தாம் கட்டிய நினைவகத்தை ஜெர்மானியர் தாமே வெடி வைத்துத் தகர்த்தனர்!

தோழர்களே! பழம்பெருமை பேசிப் படை திரட்டுவோர் எந்நாட்டில் தோன்றினும் கேளுங்கள்: அன்று வென்றவர் யார்? இன்று சாகப்போகிறவர் யார்? இடையே இந்தப் பெயரைச் சூட்டியவர் யார்? கேள்வி பிறந்தால், அந்தக் கோபுரங்களுக்கு வெடிமருந்து தேவைப்படாது!