கோலாலம்பூர்

சிங்கப்பூரின் ஈற்றில் உள்ள 'பூர்', புரம் என்னும் வடசொல்லின் திரிபு. கோலாலம்பூரையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுகிறோம், அது பிழை. இப்பெயரைக் கோலா, லம்பூர் என்றுதான் பிரிக்க வேண்டும். இரண்டும் மலாய்ச் சொற்கள். கோலா (குவாலா) என்பது ஓர் ஆறு கடலிலோ இன்னோர் ஆற்றிலோ கலக்கும் இடம். லம்பூர் (லும்பூர்) என்றால் சேறு.

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடமே நகரின் பிறப்பிடம். 1857இல் வெள்ளீயம் தேடிப் படகில் வந்த சீனத் தொழிலாளர்கள் அங்கே கரையேறி, காட்டு வழியே அம்பாங் என்னும் இடத்துக்குப் போனார்கள். 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் இன்றும் அந்த முனையில் நிற்கிறது.

ஆனால் மலாய் வழக்கில் குவாலாவை அடுத்து வருவது பெரும்பாலும் கலக்கும் ஆற்றின் பெயர்: குவாலா சிலாங்கூர், குவாலா கங்சார். அந்த முறைப்படி இந்த ஊர் குவாலா கோம்பாக் ஆகியிருக்க வேண்டும். லும்பூர் என்றே ஓர் ஆறு இருந்தது என்று சிலர் வாதிடுவது இதனால்தான். ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை. எனக்கு அந்த வாதம் வலுவாகவே படுகிறது.

நகருக்கு வடக்கே முருகன் குடிகொண்ட பத்துமலையின் பெயரையும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்கிறோம். 'பத்து' எண்ணன்று, கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல். அருகில் ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர். பிள்ளைகளுக்குத் தைப்பூசக் கதை சொல்கையில் பத்துக் குன்றுகள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.