நுங்கம்பாக்கம் கண்ட கோள்

ஆடி மாதத்தில், சாரல் மேகம் இடம்விட்டால், இரவு ஒன்பது மணிவாக்கில் முக்கூடல் ஆற்றங்கரையில் ஏறக்குறைய உச்சியிலேயே ஒரு மங்கலான விண்மீன் நிற்கும். அதன் பெயர் 70 ஒஃபியூக்கி. உண்மையில் அது இரட்டை. சூரியனைவிடச் சிறிய இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டுகள் ஆகின்றன.

சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவராயிருந்த கேப்டன் ஜேக்கப், 1855-இல், அச்சுற்றில் கணக்குக்கு இணங்காத பிறழ்வு இருப்பதாகவும், புலப்படாத கோளொன்று அங்கு இருப்பது பெரிதும் சாத்தியம் என்றும் எழுதினார். சூரியனுக்கு அப்பால் கோள் உண்டென்று அளவீட்டைக் காட்டி வைக்கப்பட்ட மிகப் பழைய வாதங்களுள் அது ஒன்று. 1899-இல் அமெரிக்கரான மோல்டன், அவ்வகைப் பாதை நிலைக்காது என்று காட்டினார். இன்றுவரை அங்கே கோள் எதுவும் உறுதிப்படவில்லை.

ஆயினும் ஜேக்கப்பை வெறும் பிழையாளராகத் தள்ளுவது நியாயமன்று. விண்மீனின் தடுமாற்றத்தைக் கொண்டு கோளை அறியும் வழி பின்னாளில் வென்றது.

மற்றொரு வழிக்கும் அதே வானாய்வகத்தில் ஒரு முன்சுவடு உண்டு. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்ததைப் பற்றி, அங்கு பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பொதுமக்களுக்காக ஒரு சிறுநூல் எழுதினார். அத்தகைய கடப்பால் தொலைவிண்மீனின் ஒளி சற்றே குறைவதை அளந்துதான் இன்று ஆயிரக்கணக்கான கோள்கள் அறியப்படுகின்றன. விண்மீன் சிறிதானால் மறைபடும் பங்கு பெரிது. டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்கள் 2017-க்குள் அகப்பட்டது அதனால்தான்.

இடர் என்னவெனில், சிறு விண்மீன்கள் பலவற்றில் கரும்புள்ளிகள் மிகுதி. 70 ஒஃபியூக்கியின் மூத்த விண்மீனும் அவ்வினமே. சுழற்சியில் புள்ளி எதிர்ப்படும்போதும் ஒளி குன்றும். புள்ளியின் மங்கல் நாட்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும். கோளின் மறைப்போ சில மணி நேரத்தில் முடியும். கோள் புள்ளியின் மேலேயே கடந்தால், மங்கலின் நடுவே ஒளி சிறிது உயர்வதும் உண்டு.