விரிகூந்தல் டாலர்

விரிகூந்தல் டாலர் என்பது விடுதலை பெற்ற ஐக்கிய அமெரிக்கா வெளியிட்ட முதல் வெள்ளி டாலர் நாணயம் ஆகும். இது பிலடெல்பியா நாணயச் சாலையில் 1794, 1795 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டுமே அச்சிடப்பட்டது. இதனை வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்காட். முகப்பில் விடுதலை மங்கையின் தலையும் 15 விண்மீன்களும், பின்புறத்தில் கழுகும் உள்ளன.

சேகரிப்பு

1794 இல் 1,758 நாணயங்களே வெளியாயின. அவற்றுள் ஒன்று 2013 இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

அரக்கோடுகள்

1792 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாணயத்தின் எடை 26.96 கிராம். எடை மிகுந்த வில்லைகளை அச்சிடுமுன் அரத்தால் தேய்த்துச் சரிசெய்தனர். எனவே சில நாணயங்களில் மெல்லிய இணைகோடுகள் காணப்படும். இவை பிற்காலச் சேதம் அல்ல. நாணயச் சாலையின் கைவேலை. இவற்றை நீக்க மெருகேற்றினால் நாணயத்தின் மதிப்பு பெரிதும் குறையும்.