கஜானா குமாஸ்தாவின் நட்சத்திரங்கள்

இன்று பங்களாதேஷில் இருக்கும் ஜெஸ்ஸூர், அந்தக் காலத்தில் வங்காளத்து ஜில்லா ஒன்றின் தலைநகரம். அவ்வூர்க் கஜானாவில் நாணயங்களை நல்லது கெட்டது பார்த்து வாங்கும் உத்தியோகம் ராதாகோவிந்த சந்திரருக்கு. 1878-இல் பிறந்தவர். பிரவேசப் பரீட்சையில் மூன்று தடவை கோட்டை விட்டவர். 1910-இல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பைனாகுலரால் பார்த்தாரோ இல்லையோ, மனுஷருக்கு ஆகாயப் பித்துப் பிடித்துக்கொண்டது. 1912-இல் சீமையிலிருந்து மூன்று அங்குல டெலிஸ்கோப் ஒன்றை வரவழைத்தார்.

பித்துப் பிடிப்பது பெரிய காரியமில்லை. அதைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் அகப்பட வேண்டுமே! நாலு மைல் சுற்றளவில் அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆர்வமும் சில வருஷங்களில் பரணுக்குப் போய்விடும். நம் வீடுகளில் உறை கழற்றாத வீணைகள் எத்தனை!

1918 ஜூன் மாதம், திருவோணம் இருக்கும் கருட மண்டலத்தில் புதிதாக ஒரு நட்சத்திரம் ஜொலிப்பதைச் சந்திரர் வெறுங்கண்ணாலேயே கண்டார். அதே நாட்களில் வேறு பல தேசத்தாரும் கண்டார்கள். ஆனால் அவர் அதை ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்துக்கு எழுதினார். பதில் வந்தது. அதன் மூலம் ஒரு சங்கத்தின் உறவும் வந்தது.

ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனிப்பவர்களுக்காக, வில்லியம் டைலர் ஆல்காட் என்ற அமெரிக்க வக்கீல் 1911-இல் தொடங்கிய சங்கம் அது. ஸ்ட்ராபெரி பழம் பறித்த கூலியில் டெலிஸ்கோப் வாங்கிய ஓஹையோ பண்ணைப் பையன் லெஸ்லி பெல்டியரும் அதில் ஓர் அங்கத்தினர். இவர்களுடைய வேலை கேட்பதற்கு எளிது. பக்கத்திலுள்ள, ஒளியளவு தெரிந்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, 'இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம்' என்று குறித்து அனுப்ப வேண்டும். ஒருவர் கணக்குப் பிசகலாம். நூறு பேர் கணக்கைச் சேர்த்தால் நட்சத்திரத்தின் நடத்தை தெரிந்துவிடும். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது பார்ப்பதற்கு இந்தப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டாமா? ஆகையால் சந்திரருக்குச் சங்கம் எவ்வளவு தேவையோ, சங்கத்துக்குச் சந்திரரும் அவ்வளவு தேவை. தர்மத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

1926-இல், ஆறு அங்குலத்துக்குச் சற்று அதிகமான டெலிஸ்கோப் ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பினார்கள். முகம் பார்த்தறியாத ஒரு குமாஸ்தாவை நம்பி! சொந்தக்காரர்களே குடை இரவல் கொடுக்க யோசிக்கும் உலகம் இது.

நம்பிக்கை வீண் போகவில்லை. பகலில் நாணயம், இரவில் நட்சத்திரம். தேசம் துண்டானபின் ஜெஸ்ஸூரை விட்டு மேற்கு வங்காளத்துப் பாராசாத்துக்குக் குடிபெயர்ந்தார். பூமியில் ஊர் மாறிற்று. அவர் பார்த்த ஆகாயம் மாறவில்லை. 1954 வரை அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000-க்கும் மேல். 1975-இல் காலமானார்.

டெலிஸ்கோப் என்னாயிற்று? சங்கம் அதைத் திரும்ப அமெரிக்காவுக்கு வரவழைக்கவில்லை. விஞ்ஞானி வைணு பாப்புவின் கைக்கு அது வந்தது. பிற்பாடு நம் ஜவ்வாது மலைப் பக்கத்தில் அவர் ஏற்படுத்திய காவலூர் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.