காவல் பெண்டிர்: காவிரிக் கழிமுகத்தில் குழந்தை உறக்கத்தின் வரலாறு

பண்டைத் தமிழ் நூல்கள் அரசனின் துயிலைப் பற்றியும் பிரிந்த காதலரின் துயிலின்மையைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றன. தொல்காப்பியம் மன்னனை உறங்கச் செய்யும் ‘கண்படை நிலை’க்கும் அவனை வைகறையில் எழுப்பும் ‘துயிலெடை நிலை’க்கும் தனித்தனியே துறை வகுத்திருக்கிறது. கைக்குழந்தையின் இரவைப் பற்றி அந்நூல்கள் தரும் செய்தி அவ்வளவு மிகுதியன்று. அந்தச் சிறிய தொகுப்புக்குள் மிகத் தெளிவான சான்று காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரத்திலிருந்து, அதாவது இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துப் பூம்புகாரிலிருந்து கிடைக்கிறது. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் ஏழாவது காதையான ‘துயிலெழுப்பிய காதை’யில் அது இடம்பெற்றிருக்கிறது.

மணிமேகலா தெய்வம் காப்பியத் தலைவி மணிமேகலையை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் சென்ற பின்னர், உவவனம் என்னும் சோலையில் உறங்கிக்கொண்டிருந்த தோழி சுதமதியை எழுப்பி அச்செய்தியை உரைக்கிறது. விழித்த சுதமதியின் காதில் நள்ளிரவு நகரத்தின் ஓசைகள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. நகரில் நடந்த விழாவின் களிப்பு அடங்கி, முழவுகள் ஓய்ந்து, மாடப்புறாக்களும் நீர்ப்பறவைகளும் ஒலியவிந்து கிடக்கும் அந்த வேளையில் யார் யார் எப்படி உறங்குகின்றனர் என்று சொல்லிவரும் புலவர், மெல்ல நடை பழகிய சிறுவர்களையும் மறக்கவில்லை. பகலெல்லாம் சிறுதேர் இழுத்து உடல் களைத்த அக்குழந்தைகள் கழுத்தில் ஐம்படைத்தாலியோடு படுக்கையில் உறங்குகின்றனர். திருமாலின் சங்கு, சக்கரம் முதலிய ஐந்து படைக்கலங்களைப் பொன்னில் சிறிதாகச் செய்து கோத்த காப்பணி அது. அவர்களைக் காக்கும் பெண்கள் வெண்கடுகைத் தூவி, நறும்புகை காட்டி, அதன் பிறகே தாமும் உறங்கச் செல்கின்றனர்.

இந்தச் சில அடிகளில் ஒரு குழந்தையின் இரவு முழுவதும் அடங்கியிருக்கிறது: பகல் விளையாட்டு, களைப்பு, படுக்கை, காப்பு, புகை, இறுதியில் காவலிருப்பவர் கண்மூடுதல். குழந்தை உறங்கிய பின்னும் வேலை முடியாத ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பதைச் சாத்தனார் கவனித்திருக்கிறார். உறக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் பற்றிக்கொள்ள வேண்டிய இழை அதுவே.

அதே காதை வேறு இரண்டு செய்திகளையும் தருகிறது. குழந்தை பெற்ற பெண்கள் பேற்றின் அயர்வு தீர நள்ளிரவில் குளத்தில் நீராடுகின்றனர். வேப்பிலையும் வெண்கடுகும் கலந்த புகையை ஏந்திய மகளிர் அவர்களுக்குத் துணை செல்கின்றனர். மற்றோரிடத்தில், ஈன்ற இளம்பெண்கள், துன்பம் தாங்காத பாலகர், நிறைசூல் கொண்டோர், புண்பட்டோர் ஆகியோரின் துயர் நீங்குவதற்காக மந்திரம் அறிந்தோர் மன்றத்துப் பேய்மகளை அழைத்துப் பலியிடும் நெடுங்குரல் கேட்கிறது. இவற்றோடு, சிறிதளவு நீர் ஒழுகும் ‘கன்னல்’ என்னும் நீர்க்கடிகாரத்தைக் கொண்டு யாமம் அளப்போர் அரண்மனையிலிருந்து எழுப்பும் ஒலி, ஊர் காவலரின் துடி முழக்கம், கள்ளுண்ட கலம் கட்டும் கம்மியரின் பாட்டு, பசித்த யானையின் பிளிறல் ஆகியவையும் சேர்கின்றன. துறைமுக நகரத்தில் குழந்தைகள் அமைதியான இருளில் உறங்கவில்லை என்பது இதனால் புலப்படும். ஓசையும் அச்சமும் நிறைந்த இரவில் அவர்களைச் சுற்றி ஒரு காவல் வளையம் அமைக்கப்பட்டிருந்தது.

மணிமேகலையின் காலத்தை இரண்டாம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரை அறிஞர் பலவாறு கணிக்கின்றனர். ஆனால் அது காட்டும் காட்சி புலவர் ஒருவரின் தனிக் கற்பனை அன்று. புகாரைப் பாடிய பட்டினப்பாலையின் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மருதநிலத்துச் சிற்றூர் ஒன்றைக் காட்டுகிறார். அங்கும் தச்சர் செய்த சிறுதேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியிடம் பால் குடித்துப் படுக்கையில் உறங்குகின்றனர். பால் கொடுப்பவள் அங்கே செவிலி, அதாவது வளர்ப்புத்தாய். இரண்டு நூல்களிலும் உறக்கத்துக்குப் பொறுப்பானவள் பெற்றவள் அல்லள் என்பதைக் கருதினால், நமக்குக் கிடைத்திருப்பது செல்வ வீட்டின் இரவு மட்டுமே என்று கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் செவிலியின் சொந்தக் குழந்தை எங்கே, யாருடைய பாதுகாப்பில் உறங்கியது என்பதை எந்தப் பாட்டும் சொல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டு மணிமேகலையை அச்சேற்றியபோது இந்தக் காட்சி கழிமுக மக்களிடமே திரும்பி வந்தது. ஆயினும் செவிலியின் குழந்தை அதில் இடம்பெறவில்லை என்பது அதிகம் பேசப்படவில்லை.

சங்க மரபுக்குப் பின் பக்தி இயக்கம் தொட்டிலைக் கவிதையின் நடுவே கொண்டுவந்து வைத்தது. பெரியாழ்வார் யசோதையாகித் தம் கண்ணனுக்குப் பாடும் தாலாட்டில், மாணிக்கமும் வயிரமும் பதித்த பொன் தொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். ஏனைய தேவர்கள் ஆளுக்கு ஒரு சீர்ப்பொருள் அனுப்புகின்றனர். பிற்கால நாட்டுப்புறத் தாலாட்டுகளில் மாமன்மார் கொண்டுவரும் சீர்வரிசைக்கு இதைவிடப் பழைய முன்மாதிரி கிடைப்பது அரிது. கழிமுகத்துக்கு இன்னும் நெருக்கமானவர் குலசேகராழ்வார். அவர் பெருமாள் திருமொழியின் எட்டாம் பதிகத்தில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்கண்ணபுரத்தில் கோயில் கொண்ட இறைவனை இராமனாகக் கண்டு, கோசலையின் குரலில் தாலாட்டுகிறார். அதற்கு முந்தைய பதிகம் தேவகியின் புலம்பல்: பெற்ற மகனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று அவள் வருந்துகிறாள். உறங்கவைக்கும் உழைப்பை இழப்பதே ஒரு தாய்க்குப் பெருந்துயர் என்று எண்ணிய அந்த உள்ளம் போற்றத்தக்கது. தாலாட்டுப் பாடல்களுள் இதற்கு ஈடான துயரம் குறைவு.

தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடி உறங்கவைப்பதால் தாலாட்டு எனப்பட்டது என்பர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்து, காப்பு, செங்கீரை ஆகியவற்றுக்கு அடுத்ததாகத் தாலப் பருவத்தை வைக்கிறது. அதனை ஏழாம் அல்லது எட்டாம் திங்களுக்கு உரியதாகப் பாட்டியல் என்னும் இலக்கண நூல்கள் வகுக்கின்றன. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை பகலிரவு வேறுபாடின்றி உறங்கும். சில மாதங்களில் இரவு உறக்கம் நீளத் தொடங்கும். ஏழு, எட்டு மாதத்தில் தாயை அடையாளம் கண்டு பிரிய மறுப்பதால் அதனை உறங்கவைப்பதே பாடாகிவிடும். தாலாட்டு மிகவும் தேவைப்படும் வயதையே பாட்டியலார் தேர்ந்திருக்கின்றனர் என்பதால், இலக்கண வகுப்புக்குப் பின்னால் பிள்ளை வளர்த்தவர்களின் பட்டறிவு நின்றிருக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் தருமபுரம் ஆதீனத்தில் மாசிலாமணி தேசிகரை அடைந்த குமரகுருபரர், பூம்புகாருக்கு அண்மையிலுள்ள வைத்தீசுவரன்கோயிலின் முருகன் மீது முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். நோய் தீர்க்கும் தலமாக மக்கள் நாடிவரும் அவ்வூர், தாலப் பருவத்துப் பாட்டுக்கும் பொருத்தமான இடமே.

கோயிலும் உறங்கி விழிக்கும் வீடாகவே நடத்தப்பட்டது. அர்த்தசாமத்தில் இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வதும் வைகறையில் பள்ளியெழுச்சி பாடுவதும் கழிமுகக் கோயில்களின் நாள்முறை. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருமண்டங்குடியில் பிறந்த தொண்டரடிப்பொடியாழ்வார் பத்துப் பாசுரங்களில் திருப்பள்ளியெழுச்சி பாடினார். நாகசுரக் கலைஞர்கள் இரவில் நீலாம்பரியும் விடியலில் பூபாளமும் வாசித்தனர். நீலாம்பரி தாலாட்டுக்கு உரிய இராகமாகவே நிலைத்தது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் இராமனை ஊஞ்சலாட்டும் கீர்த்தனை ஒன்றை அந்த இராகத்திலேயே அமைத்தார். சன்னிதித் தெருவில் பிறந்த குழந்தைக்கு இரவையும் காலையையும் பிரித்துக் காட்டியவற்றுள் இந்த இசையும் ஒன்று. சேரியில் பிறந்த குழந்தையின் காதுக்கு அது எட்டவில்லை.

வீட்டுக்குள் நடந்தவற்றில் சாத்தனார் குறித்த வெண்கடுகும் புகையும் வியக்கத்தக்க வகையில் நீடித்திருக்கின்றன. விளக்கு வைக்கும் நேரத்தில் உப்பு, மிளகாய், கடுகு ஆகியவற்றைக் குழந்தையைச் சுற்றி நெருப்பிலிடும் ‘திருஷ்டி கழித்தல்’ இன்றும் தஞ்சைப் பகுதியில் வழக்கத்திலிருக்கிறது. காலையில் அனுபவம் மிக்க மூதாட்டியோ மருத்துவச்சியோ கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்மீது கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, தூபக்காலில் சாம்பிராணி புகைத்துத் தலையை உலர்த்துவாள். மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். அவர்களது பணிக்கு ஊதியம் பல ஊர்களில் நெல்லாகவே அளக்கப்பட்டது. பின்னர் வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைக் கல்லில் உரைத்துப் பாலில் குழைத்த ‘உரைமருந்து’ புகட்டப்படும். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். இரவில் அதன் இயற்பெயரைச் சொல்லாத வழக்கமும் இருந்தது. குளியலும் புகையும் மருந்தும் முடிந்தபின் வரும் முற்பகல் உறக்கம் குழந்தைக்கு நீண்டது. இரவெல்லாம் விழித்திருந்த தாய் வீட்டு வேலையைப் பார்க்க முடிந்ததும் அப்பொழுதுதான். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்தில் வில்லியம் உட்வர்டு உருவாக்கிய ‘கிரைப் வாட்டர்’ பிற்காலத்தில் தமிழகத்து வீடுகளுக்குள் வந்து உரைமருந்துக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது என்றும், புகை குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் என்றும் இன்றைய மருத்துவர்கள் கூறுவது ஏற்கத்தக்கதே. பழமை என்பதற்காகவே தீங்கு நன்மையாகிவிடாது.

தொட்டிலின் கதை வேறு. மரத்தொட்டில் வசதியுள்ள வீட்டின் பொருள்; கழிமுகத்தில் பெரும்பாலோர் அறிந்தது தூளி. பழைய நூல்சேலையை உத்தரத்தில் இரட்டையாகக் கட்டி, மேற்பகுதியில் ஒரு கம்பைக் குறுக்கே கொடுத்து விரித்துவிட்டால் தூளி அமைந்துவிடும். யாழ்ப்பாணத்தார் இதனை ஏணை என்பர். பலமுறை துவைத்த சேலை மென்மையானது. அதில் தாயின் மணம் இருக்கும். தரையில் ஊரும் பூச்சியும் ஈரமும் குழந்தையை அணுகா. கூரைவீடு காங்கிரீட் வீடாக மாறியபோது, தூளி கட்டுவதற்காகவே தளத்தில் இரும்புக் கொக்கி பதித்துக் கொடுக்கும் வழக்கத்தைக் கொத்தனார்கள் ஏற்படுத்திக்கொண்டனர்.

தூளியின் முதன்மையான சிறப்பு அதனை வயலுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது என்பதே. நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியுமுன் புறப்படும் பெண்கள் வரப்போரத்துப் பூவரசிலோ வேம்பிலோ சேலையைக் கட்டிக் குழந்தையை இட்டு, நான்கைந்து வயது மூத்த பிள்ளையை ஆட்டச் சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினர். அக்குழந்தைகளின் காலையும் மாலையும் கதிரவனால் அமையவில்லை. வேலையைத் தொடங்கவும் முடிக்கவும் சொல்லும் காரியக்காரரின் சொல்லால் அமைந்தன. பண்ணையாள் முறை, அதாவது குடும்பத்தோடு நிலக்கிழாருக்குக் கட்டுப்பட்டு உழைக்கும் முறை நிலவிய காலத்தில் அழும் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கரையேறுவதற்கும் அனுமதி வேண்டியிருந்தது என்று அக்காலத்து விவசாயத் தொழிலாளர் இயக்கத்தினரின் நினைவுகள் கூறும். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகத் தரப்பட்ட சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக அவ்வியக்கத்தின் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சியாக 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியையும் வெளியேற்றத்தையும் அது ஒழுங்குபடுத்தியது. தூளியில் கிடந்த குழந்தைக்கு அதில் இடமில்லை. புலவரும் பாடாத, சட்டமும் காணாத அந்த உறக்கமே கழிமுகத்தின் பெரும்பான்மைக் குழந்தைகளுடைய உறக்கம் என்பதை வரலாற்றாசிரியர் மறத்தலாகாது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண் தொழிலாளரின் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்கக் கட்டளையிட்டன. வயலில் உழைத்தவளுக்கு அத்தகைய உரிமை எதுவும் வரவில்லை. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமே, ஒரு வேலைத்தளத்துக்குத் தாய்மாரோடு வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ இருப்பின், வேலைக்கு வந்த பெண்களுள் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று விதித்தது. புகார் நகரத்துக் காவல் பெண்டிர் செய்த பணியை, மண் வெட்டுவதற்கு நிகரான உழைப்பாக இந்த விதி ஏற்றுக்கொண்டது. அது அரசு வேலைத்தளங்களோடு நின்றுவிட்டது. தனியார் வயல்களில் நடவுக்கும் அறுவடைக்கும் கூலிக்குச் செல்லும் பெண்களுக்கு அது பொருந்தவில்லை.