பின் அச்சுப் பல்விகிதம்: மலைநாட்டுப் பழைய கார்களில்

இயந்திரத்திலிருந்து நீண்டு வரும் தண்டின் சுழற்சியைத் திசைதிருப்பிச் சக்கரங்களுக்கு வழங்கும் பினியன், கிரவுன் வீல் ஆகிய இரண்டின் பல் எண்ணிக்கைகளுக்கு இடையேயுள்ள விகிதமே பின் அச்சு விகிதம். பினியனில் 9 பல்லும் கிரவுனில் 41 பல்லும் இருப்பின், தண்டு 4.55 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். விகிதம் பெருகுந்தோறும் இழுவை மிகும், வேகம் குறையும்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மேற்கே, பழனி மலையின் மேற்பரப்பில் அமைந்த மன்னவனூருக்குப் பழைய மாரிஸ் மைனர் ஒன்றை ஓட்டிச் செல்பவருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டர் மேலே காற்றின் அடர்த்தி சுமார் 18 விழுக்காடு குறைந்துவிடுவதால், அவ்வுயரத்தை எட்டும் இயந்திரமும் தன் சக்தியில் ஏறக்குறைய அந்த அளவை இழந்தே எட்டுகிறது.

மைனருக்கு அதன் உற்பத்திக் காலத்தில் மூவகை விகிதங்கள் வழங்கின. 803 சி.சி. இயந்திரம் கொண்ட பிற்கால வண்டிகளில் 5.3 அளவிலும், 1956இல் வந்த 948 சி.சி. வண்டியில் 4.55 ஆகவும், 1962க்குப் பின் 1098 சி.சி. வண்டியில் 4.22 ஆகவும் அது அமைந்தது. இயந்திரம் வலுக்க வலுக்க விகிதம் தாழ்ந்ததென்னும் இக்கிரமத்தைத் திருப்பிப் படித்தால் மலைவாசிக்கு வேண்டிய விடை கிடைக்கும்: 948 சி.சி. வண்டிக்கு 5.3 அச்சைப் பூட்டினால் சக்கரத்தின் இழுவை சுமார் 16 விழுக்காடு கூடி, உயரம் பறித்துக்கொண்டதைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். இழுவைதான் திரும்புமேயன்றி, இழந்த சக்தி திரும்பாது. பூம்பாறைக்கு அப்பாலுள்ள ஏற்றங்களில் மூன்றாம் கியரில் திணறியும் இரண்டாம் கியரில் அலறியும் ஓடிய வண்டி, மூன்றாவதிலேயே நிதானமாக ஏறும். இறக்கத்திலும் இயந்திரமே பாதி பிரேக்காக உதவும்.

ஆயினும் வத்தலக்குண்டில் இறங்கி மதுரை நோக்கி 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், நிமிஷத்துக்கு 3,280 அளவில் இருந்த சுழற்சி 3,820ஐ எட்டும். அடிக்கடி சமவெளிக்குப் பிரயாணம் செய்பவர் 4.55ஐயே வைத்துக்கொள்வது உத்தமம் என்பதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

மாற்றும் வேலை கடினமன்று. ஆக்சில் ஷாஃப்டுகளை உருவிவிட்டால் பினியனும் கிரவுனும் அடங்கிய டிஃபரன்ஷியல் முழுதாகக் கையோடு வந்துவிடும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று உராய்த்துப் பதப்படுத்தப்பட்ட ஜோடியாதலின், ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளைச் சத்தமும் பல் தேய்மானமும் நிச்சயம்; பற்களில் சாயம் பூசிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழும்வரை ஷிம்களை (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகளை) கூட்டியும் குறைத்தும் பார்க்கவேண்டும். வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து இயங்குவதால், 4.55ஐ 5.3 ஆக்கிய வண்டியில் அது 60ஐ 70 என்று காட்டும். கொடைக்கானல் முதல் மன்னவனூர் வரையுள்ள தூரத்தையும் 40 கிலோமீட்டருக்கு மேலாகவே கணக்கிடும்.