கேஷா, காசா?

கடையில "கேஷா, ஜிபேயா?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல நின்ன பெரியவர், "காசுதான் தம்பி"ன்னார். சிரிப்பு வந்துச்சு.

'காசு'தான் ஆங்கிலத்துல 'கேஷ்' ஆச்சுன்னு நாம மார்தட்டிக்கிறோம் இல்லையா? அது பாதி உண்மைங்க. நம்ம சின்னச் செப்புக்காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியா ஆங்கிலத்துக்குப் போனது நிஜம். ஆனா ரொக்கம்ங்கிற பொருள்ல வர்ற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கிற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ரெண்டும் ஒரே உருவத்துல கலந்துடுச்சு. நாமளும் சும்மா இல்ல, டச்சுக்காரங்க செப்புக்காசுப் பேரைத்தான் 'துட்டு'ன்னு வச்சிருக்கோம்!

எங்க புதுக்கோட்டைக்கு இதுல தனிக்கதை உண்டு. தொண்டைமான் சமஸ்தானத்துக்குன்னே ஒரு செப்புக்காசு இருந்துச்சு. பேரு அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அணாவுக்கு 20, ரூபாய்க்கு 320. 1948ல சமஸ்தானமே இந்தியாவோட இணைஞ்சுடுச்சு.

அப்பத்தா அஞ்சறைப் பெட்டியில ஒண்ணு வச்சிருந்துச்சு. "செல்லாக்காசுதான், ஆனா ஆத்தா மொகம் இருக்குல்ல"ன்னு சொல்லும். அதை எடுத்துட்டுப் போய் கோலிக்குண்டுக்கு மாத்தினவன் நான். அப்பத்தா கேட்டப்ப தெரியாதுன்னுட்டேன்.

ரொம்ப நாள் கழிச்சுதான் படிச்சேன். 1889லிருந்து அம்மன் காசை அடிச்சது இங்கிலாந்து பர்மிங்ஹாம்லயாம். சொல்லு இங்கேருந்து அங்க போச்சு, காசு அங்கேருந்து கப்பலேறி வந்துச்சு. நான் அதைக் கோலிக்குக் குடுத்தேன்.

உங்க வீட்டுப் பெட்டியில ஏதாவது இருக்கா? பத்திரமா வைங்க.